பிக் டேட்டா என்றால் எவ்வளவு பெரியது?

கேள்வி இது: “பி.காம். முடித்திருக்கிறேன். எக்செல் நன்றாகத் தெரியும், புரோகிராமிங் தெரியாது. எங்கே பார்த்தாலும் பிக் டேட்டா என்கிறார்கள். நிறைய டேட்டா என்பதற்கு வைத்த பெரிய பெயர்தானா அது, இல்லை உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா? ஒரு பயிற்சி மையத்தில் பிக் டேட்டா கோர்ஸுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?”

பணத்தைக் கடைசியில் பார்ப்போம். எக்செல் தெரியும் என்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்கலாம்.

எக்செல் தாளில் கீழே போய்க்கொண்டே இருந்தால் ஓர் இடத்தில் முட்டும். 10,48,576-ஆவது வரிசையோடு தாள் முடிந்துவிடும். பழைய வகை எக்செல் கோப்பு என்றால் 65,536 வரிசைதான். 2020-இல் இங்கிலாந்தில் இது பெரிய வினையாக முடிந்தது. கொரோனா பரிசோதனை முடிவுகளை ஆய்வகங்கள் அனுப்ப, அவற்றை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை பழைய வகை எக்செல் கோப்புகளில் தானாக ஏற்றிக்கொண்டிருந்தது. வரிசைகள் நிரம்பின. மிச்சம் ஏறவில்லை, சத்தமும் வரவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் கணக்கிலிருந்தே விடுபட்டன. தொற்று வந்தவர்களுக்கு அவரவர் முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து எச்சரிக்க வேண்டியவர்களுக்குப் பட்டியல் போகவில்லை.

அறுபத்தைந்தாயிரம் சொச்சம் வரிசை என்பது ஒரு பெரிய எண்ணே இல்லை. உங்கள் கைபேசியே அதை அசையாமல் தாங்கும். அந்தப் பாத்திரத்துக்கு அது பெரிது, அவ்வளவுதான். “இத்தனை ஜிபிக்கு மேல் போனால் பிக் டேட்டா” என்று யாராவது எல்லைக்கோடு போட்டுக் காட்டினால் நம்ப வேண்டாம். நான் புரிந்துகொண்டிருப்பது இப்படி: ஒரே கணினியில், வழக்கமான கருவிகளை வைத்து, தேவைப்படும் நேரத்துக்குள் வேலை முடியவில்லை என்ற நிலை வரும்போது அது பிக் டேட்டா. நேற்று பெரிதாக இருந்தது இன்று சாதாரணமாகிவிடும். உங்களுக்குப் பெரிதாக இருப்பது ஒரு வங்கிக்குச் சில்லறை.

இந்தத் தலைவலி கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே வந்ததுதான். அமெரிக்காவில் 1880-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கைக் கையால் கூட்டி முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. அடுத்த கணக்கெடுப்பு 1890-இல் வாசலில் நிற்கிறது. போகிற போக்கைப் பார்த்தால் ஒன்றை எண்ணி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஹெர்மன் ஹாலரித் என்பவர் அட்டையில் துளையிட்டு, அந்தத் துளைகளை மின்சாரத்தால் எண்ணும் இயந்திரம் செய்து கொடுத்ததால் பிழைத்தார்கள். அவர் தொடங்கிய நிறுவனம் 1911-இல் வேறு சில நிறுவனங்களோடு சேர்ந்தது; 1924-இல் அதன் பெயர் ஐபிஎம் ஆனது.

சரி, ஒரு கணினிக்கு ஏன் முடியாமல் போகிறது? இடம் போதாது என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். இடத்தை விலைக்கு வாங்கிவிடலாம். படிக்கும் வேகம்தான் கையைக் கடிக்கும். சாதாரண ஹார்டு டிஸ்க் நொடிக்குச் சுமார் 150 எம்பி படிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 டிபி, அதாவது 10 லட்சம் எம்பி, முழுவதையும் ஒருமுறை படித்து முடிக்க 6,667 நொடி ஆகும். ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம். கூட்டல் கழித்தல் எதுவும் இன்னும் தொடங்கவில்லை, சும்மா படிப்பதற்கே இவ்வளவு. அதே 1 டிபியை 100 டிஸ்க்குகளில் பிரித்துப் போட்டு ஒரே நேரத்தில் படித்தால் 67 நொடியில் முடிந்துவிடும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வந்த பிறகு வேகம் பல மடங்கு கூடியிருக்கிறது, ஆனால் டேட்டாவும் சும்மா இருக்கவில்லையே.

ஆக, பிரித்துப் போடு, ஒரே நேரத்தில் பார், பிறகு சேர். முழு விஷயமும் இந்த மூன்று வினைச்சொற்களில் இருக்கிறது. கேட்க எளிது. செய்யும்போதுதான் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு வில்லங்கம் இருப்பது தெரியும்.

இதை நம் ஊரில் எல்லோரும் டிவியில் பார்த்திருக்கிறார்கள். வாக்கு எண்ணிக்கை நாள்.

2024 மக்களவைத் தேர்தலில் 64 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். ஜூன் 4-ஆம் தேதி காலை 8 மணிக்கு எண்ணத் தொடங்கி, மாலைக்குள் யார் ஆட்சி என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. எப்படி முடிந்தது? எல்லா இயந்திரங்களையும் லாரியில் ஏற்றி டெல்லிக்குக் கொண்டுபோய் ஓர் அதிகாரி முன்னால் குவித்திருந்தால் நடந்திருக்குமா? ஒவ்வொரு தொகுதிக்கும் உள்ளூரிலேயே எண்ணும் மையம். மையத்தில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு வழக்கமாக 14 மேசைகள். ஒரு சுற்றுக்கு மேசைக்கு ஓர் இயந்திரம். மேசையில் இருப்பவர் ரிசல்ட் பொத்தானை அழுத்துகிறார், வேட்பாளர் வாரியாக எண்களைத் தாளில் எழுதுகிறார், சுற்றி நிற்கும் முகவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். 14 தாள்களும் தேர்தல் அதிகாரியின் மேசைக்குப் போய்க் கூட்டப்படுகின்றன. முதல் சுற்று முடிவு. பிறகு அடுத்த சுற்று.

மேசையில் நடப்பதன் பெயர் மேப். அதிகாரி மேசையில் நடக்கும் கூட்டல் ரெட்யூஸ். இரண்டையும் சேர்த்து மேப்ரெட்யூஸ் என்று பெயர் வைத்து, கூகுளில் வேலை பார்த்த ஜெஃப் டீனும் சஞ்சய் கேமவத்தும் 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தத் துறை நடக்கத் தொடங்கியது பெரும்பாலும் அந்தக் கட்டுரையிலிருந்துதான்.

எண்ணும் மையத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். கனமான இயந்திரம் தொகுதியை விட்டு நகர்வதில்லை. நாலு எண்கள் எழுதிய தாள்தான் நகர்கிறது. டேட்டாவை வேலை இருக்கும் இடத்துக்கு இழுத்து வராமல், வேலையை டேட்டா இருக்கும் இடத்துக்கு அனுப்புவது. முன்பெல்லாம் கம்பெனிகளில் டேட்டா ஒரு பெரிய சர்வரில் இருக்கும், கணக்குப் போடும் புரோகிராம் இன்னொரு சர்வரில் இருக்கும், நடுவில் உள்ள நெட்வொர்க் மூச்சுத் திணறும். அதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டதுதான் பெரிய மாற்றம். (இன்று கிளவுடில் நெட்வொர்க் வேகமாகிவிட்டதால் மறுபடியும் டேட்டாவையும் கணக்கையும் தனித்தனியே வைக்கிறார்கள். இந்தத் துறையில் ஃபேஷன் இப்படித்தான், பெல்பாட்டம் மாதிரி போய்ப் போய் வரும்.)

ஆனால் தேர்தல் உதாரணம் ஓரளவுக்கு மேல் இழுக்காது. வாக்குகள் ஏற்கெனவே தொகுதி வாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. நிஜ வாழ்க்கையில் டேட்டா அப்படி ஒழுங்காக வந்து சேராது. ஆன்லைனில் பொருள் விற்கும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர்கள் வந்த வரிசையில் நூறு கணினிகளில் கலந்து கிடக்கின்றன. “எந்தப் பின்கோடில் விற்பனை அதிகம்?” என்பது கேள்வி. 625001-க்குப் போன ஆர்டர்கள் எல்லாக் கணினியிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அவற்றை ஓரிடத்துக்குக் கொண்டுவந்தால்தானே கூட்ட முடியும்?

இங்கே தபால்காரர்களிடம்தான் கற்க வேண்டும். ரயில்வே மெயில் சர்வீஸ் அலுவலகத்தில் கடிதங்களை அறைகளில் பிரித்துப் போடுவது போல, ஒவ்வொரு கணினியும் தன்னிடம் இருப்பதைப் பின்கோடு வாரியாகப் பிரிக்கும். 625-இல் தொடங்குவதெல்லாம் அந்தக் கணினிக்கு, 641-இல் தொடங்குவதெல்லாம் இந்தக் கணினிக்கு என்று உரிய கணினிக்கு அனுப்பிவிடும். இதற்கு ஷஃபிள் என்று பெயர். சீட்டுக்கட்டைக் கலைப்பதற்கும் அதே சொல்தான், ஆனால் இங்கே நடப்பது கலைப்பதற்கு நேர் எதிர், அடுக்குவது. யார் இந்தப் பெயரை வைத்தார்களோ. பிக் டேட்டா வேலை ஏதாவது மணிக்கணக்கில் ஓடுகிறது என்றால், பெரும்பாலும் நேரம் போவது இந்த இடத்தில்தான். நூறு கணினிகளும் ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று பேசத் தொடங்கினால் நெட்வொர்க் என்ன ஆகும்?

இதற்கு ஒரு சிக்கன வழி உண்டு. 625001-க்கான நாற்பது ஆர்டர்களை நாற்பது வரிகளாக அனுப்புவதற்குப் பதில், முதலில் தன்னிடம் இருப்பதைத் தானே கூட்டி, “625001, நாற்பது ஆர்டர், மொத்தம் இவ்வளவு ரூபாய்” என்று ஒரே வரியாக அனுப்பலாம். போக்குவரத்து சடசடவென்று குறையும்.

வணிகவியல் படித்தவர் நீங்கள், இங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேட்கிறேன். மொத்தத்தை இப்படித் துண்டு துண்டாகக் கூட்டலாம், சரி. சராசரியை? ஒரு கணினியில் 2 ஆர்டர், சராசரி 1,000 ரூபாய். இன்னொன்றில் 98 ஆர்டர், சராசரி 200 ரூபாய். இரண்டு சராசரிகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 600 வரும். உண்மையான சராசரி 216 ரூபாய். அதனால் சராசரியை அனுப்பக் கூடாது. மொத்தத்தையும் எண்ணிக்கையையும் அனுப்பி, கடைசியில்தான் வகுக்க வேண்டும். “எத்தனை வாடிக்கையாளர்கள் வாங்கினார்கள்?” என்பது இன்னும் மோசம். ஒரு கணினி 100 பேர் என்கிறது, அடுத்தது 100 பேர் என்கிறது. மொத்தம் 200-ஆ? ஒரே ஆள் இரண்டிலும் இருக்கலாமே. எல்லாப் பெயர்களையும் ஓரிடத்துக்கு அனுப்பி ஒப்பிட்டால்தான் சரியான விடை. கோடிக்கணக்கில் பெயர்கள் என்றால் அது பெரும் சுமை.

இந்தச் சிக்கலுக்கு பிரெஞ்சுக்காரர் ஃபிலிப் ஃபிளாஜொலேயும் அவருடைய சகாக்களும் 2007-இல் ஹைப்பர்லாக்லாக் என்ற வழியைக் கொடுத்தார்கள். நூறு கோடிக்கு மேற்பட்ட வெவ்வேறு பெயர்களை, வெறும் ஒன்றரை கேபி நினைவகத்தை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 2 சதவீதப் பிழைக்குள் எண்ணிச் சொல்லும். பெயர்களைச் சேமிப்பதே இல்லை. நாணயம் சுண்டும் ஒருவர் “தொடர்ச்சியாகப் பத்து தடவை தலை விழுந்தது” என்றால், அவர் ரொம்ப நேரமாகச் சுண்டிக்கொண்டிருந்திருப்பார் என்று நாம் ஊகிப்போம் இல்லையா, அந்த மாதிரிக் கணக்கு. நூற்றுக்கு நூறு சரியாக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் எவ்வளவு மிச்சம் ஆகிறது பாருங்கள். தணிக்கை படித்தவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். இணையதளத்துக்கு இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு இது போதும். வங்கியில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதற்குப் போதாது.

அடுத்த வில்லங்கம், கணினிகள் சாகும். ஒரு கணினி சராசரியாக ஆயிரம் நாளுக்கு ஒரு தடவை படுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், வீட்டில் இருக்கும் ஒற்றைக் கணினிக்கு அது மூன்று வருடத்துக்கு ஒரு சங்கடம். ஆயிரம் கணினிகளை வரிசையாக வைத்திருப்பவருக்கு அது தினமும் ஒரு சாவு. தினமும் நடப்பதை விபத்து என்று சொல்ல முடியாது, அது நடைமுறை. எனவே எந்தக் கணினியும் எந்த நேரமும் போகலாம் என்று வைத்துக்கொண்டே கட்டமைக்க வேண்டும்.

இதற்கு விடை நம் பாட்டிகளுக்கே தெரியும்: எல்லா நகையையும் ஒரே பெட்டியில் வைக்காதே. கோப்பைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மூன்று பிரதி எடுத்து வெவ்வேறு கணினிகளில் வைத்துவிடுவார்கள். ஹடூப் என்ற மென்பொருளில் ஒரு துண்டு வழக்கமாக 128 எம்பி, மூன்று பிரதி. ஒரு கணினி விழுந்தால், அதில் இருந்த துண்டுகளுக்கு இன்னும் இரண்டு பிரதி வேறெங்கோ உண்டு. யாரும் சொல்லாமலே மூன்றாவது பிரதி மறுபடி எடுக்கப்பட்டுவிடும். விழுந்த கணினி செய்துகொண்டிருந்த வேலை வேறு கணினிக்குப் போகும். ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு நிற்காது.

சாகாமல் இழுத்துக்கொண்டு கிடக்கும் கணினி இன்னும் பெரிய தொல்லை. நூறு பேரில் ஒருவர் மெதுவாக எண்ணினால் மொத்த முடிவும் அவருக்காகக் காத்திருக்கும். கூகுள்காரர்கள் செய்த காரியம் வேடிக்கையானது. வேலை முடியும் தறுவாயில், இன்னும் முடிக்காமல் இருப்பவர்களின் பங்கை வேறு ஆட்களிடமும் கொடுத்துவிடுவார்கள். யார் முதலில் முடிக்கிறார்களோ அவர் விடையை எடுத்துக்கொள்வார்கள். ஏறக்குறைய 1,800 கணினிகளில் 1 டிபி டேட்டாவை வரிசைப்படுத்திப் பார்த்ததில் 891 நொடி ஆனது. இந்த மாற்று ஆள் ஏற்பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டியபோது 44 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. ஏதோ சில சோம்பேறிக் கணினிகள் செய்த வேலை.

கூகுள் கட்டுரை வெளியிட்டதே தவிர, புரோகிராமை வெளியிடவில்லை. கட்டுரையைப் படித்து டக் கட்டிங், மைக் கஃபரெல்லா என்ற இருவர் திறமூலமாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, எழுதியதுதான் ஹடூப். 2006-இலிருந்து யாஹூவில் வளர்ந்தது. கட்டிங்கின் சின்னப் பையன் வைத்திருந்த மஞ்சள் யானைப் பொம்மையின் பெயர் அது. வேறு அர்த்தம் எதுவும் கிடையாது, அகராதியில் தேட வேண்டாம். ஹடூப் ஒவ்வொரு கட்டத்துக்கும் விடையை டிஸ்க்கில் எழுதிப் படித்துக்கொண்டிருந்தது. 2009-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஸ்பார்க், முடிந்தவரை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு வேலை பார்த்ததால் வேகம் கூடியது. இன்று புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஸ்பார்க்கைத்தான் தொடுகிறார்கள். அடிப்படை மட்டும் அதே 14 மேசைகள்தான்.

இதுவரை பேசியது டேட்டா ஏரியில் தேங்கி நிற்கும்போது அளப்பது. ஆற்றில் ஓடும்போதே அளக்க வேண்டிய சூழலும் உண்டு. யுபிஐ 2016-இல் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் அந்த ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. வகுத்துப் பாருங்கள், இரவு பகலாக நொடிக்குச் சராசரியாக 7,500 வரும். கடைகளில் கூட்டம் கூடும் மாலை நேரத்தில் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஒருவருடைய கணக்கிலிருந்து மதுரையில் பணம் போய், மூன்று நிமிடத்தில் அதே கணக்கிலிருந்து வேறு மாநிலத்தில், புது கைபேசியில், வழக்கமில்லாத பெரிய தொகை போகிறது என்றால் வங்கி உடனே சந்தேகப்பட வேண்டும். இரவு கணக்கு முடிக்கும்போது கண்டுபிடித்து என்ன பயன், பணம் நாலு கணக்கு தாண்டிப் போயிருக்கும். எனவே கடந்த ஐந்து நிமிடம், கடந்த ஒரு மணி நேரம் என்று சின்னச் சின்ன ஜன்னல்களாக வெட்டி, வந்துகொண்டிருக்கும்போதே எண்ணுவார்கள். இப்படி ஓடிவரும் டேட்டாவை வாங்கி வரிசைப்படுத்திக் கொடுக்கப் பலரும் பயன்படுத்தும் காஃப்கா, லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011-இல் திறமூலமானது.

வந்ததையெல்லாம் சேமிப்பதுதான் பிக் டேட்டா என்று நினைத்தால் அதுவும் தப்பு. ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் துகள்களை மோதவிடும் பெரிய வளையம் ஓடும்போது நொடிக்குச் சுமார் 100 கோடி மோதல்கள் நடக்கும். அவ்வளவையும் வைக்க உலகில் இடம் கிடையாது. உபயோகப்படாது என்று தோன்றுவதை அந்தக் கணமே கழித்துக் கட்டி, நொடிக்குச் சில ஆயிரம் நிகழ்வுகளை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நெல்லைத் தூற்றுவது மாதிரிதான். என்ன, பதர் விகிதம்தான் கொஞ்சம் அதிகம்.

பெரியதா, வேகமா என்பதற்கு அப்புறம் மூன்றாவதாக ஒன்று, பல ரகம். டக் லேனி என்ற ஆய்வாளர் 2001-இலேயே அளவு, வேகம், வகை என்று மூன்றாகச் சொல்லிவிட்டார். ஆங்கிலத்தில் மூன்றும் ‘வி’ எழுத்தில் தொடங்கும். அன்றிலிருந்து ஆளாளுக்கு ஒரு ‘வி’ சேர்த்து, ஐந்தாகி, ஏழாகி, பத்தையும் தாண்டிப் போயிற்று. மனப்பாடம் செய்ய வேண்டாம். பரீட்சைக்கு மட்டுமே உதவும்.

ஆனால் அந்த மூன்றாவது விஷயத்தில்தான் எங்கள் ஆயுள் கழிகிறது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரே வாடிக்கையாளருக்கு நாலு கடிதம் போகிறது என்று புகார். தோண்டிப் பார்த்தால் ஒரு பட்டியலில் செ. முருகன், இன்னொன்றில் முருகன் செல்வம், மூன்றாவதில் முருகன் எஸ்., நாலாவதில் முதல் பெயர் ‘எஸ்’ கடைசிப் பெயர் ‘முருகன்’. குடும்பப் பெயர் இல்லாத நம்மிடம் “கடைசிப் பெயரை நிரப்பு” என்று படிவம் மிரட்டினால் வேறு என்ன ஆகும்? அதற்கு மேல் ஆங்கில எழுத்து. ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், ஒருவர் எல் போடுவார். திருச்சி, திருச்சிராப்பள்ளி, டிரிச்சி மூன்றும் மூன்று ஊர் என்று கணினி நினைக்கும். 03/04 என்றால் ஏப்ரல் மூன்றா, மார்ச் நாலா? பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தாமாகவே எழுதிவிட்ட பிறந்தநாட்களை வேறு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் போட்டு வைத்தால் வாழ்க்கை அதற்குள் அடங்காது. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்றபோது வாக்குச்சீட்டைப் புத்தகம் போல அச்சடிக்க வேண்டி வந்தது நினைவிருக்கலாம். டேட்டாவைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு அந்தத் தேர்தல் அதிகாரிகள் மேல் தனிப் பாசம் உண்டு.

இனி, எனக்கு முக்கியம் என்று படுவது. “ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்கிறோமே, அது புள்ளியியலின் அடிப்படை. ஒன்றை நசுக்கிப் பார்த்து மொத்தப் பானையையும் சொல்லிவிடலாம். 1950-இல் தொடங்கிய இந்திய தேசிய மாதிரி ஆய்வு இந்த நம்பிக்கையில் நடப்பதுதான். புள்ளியியலாளர் மகலனோபிஸ் அதை வளர்த்தெடுத்தார். பிக் டேட்டா வந்ததும் சிலர், இனி மாதிரி எதற்கு, எல்லாச் சோற்றையும் நசுக்கிப் பார்த்துவிடலாமே என்றார்கள். யுபிஐ மோசடியைப் பிடிக்க உண்மையாகவே ஒவ்வொரு சோற்றையும்தான் பார்த்தாக வேண்டும். ஆயிரத்தில் ஒன்றைப் பார்த்தால் திருடன் தப்பிவிடுவான். ஆனால் பானை முழுக்கக் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேல்சோற்றை மட்டும் பார்த்து ஏமாறுவதும் நடக்கும்.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 24 லட்சம் பேர் பதில் போட்டார்கள். ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும் எடுத்திருந்தார்கள்; பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த அந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? போதாததற்கு, மெனக்கெட்டுப் பதில் போட்டவர்களும் ஒரு தனி ரகம். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு கருத்துக் கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். பானையைக் கிளறாமல் 24 லட்சம் சோறு எடுத்தாலும் அத்தனையும் மேல்சோறுதான்.

எழுபது ஆண்டு கழித்து கூகுளே இதில் வழுக்கியது. 2008-இல் கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ் வந்தது. காய்ச்சல் பற்றி மக்கள் தேடும் சொற்களை வைத்து, மருத்துவமனைக் கணக்கு வரும் முன்பே ஃப்ளூ எங்கே பரவுகிறது என்று சொல்லும் திட்டம். 5 கோடி தேடல் சொற்களைச் சலித்து, எவை ஃப்ளூ கணக்கோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று பார்த்து 45-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். சலிக்கும்போது பள்ளிக் கூடைப்பந்து பற்றிய தேடல்களும் மேலே வந்தனவாம். அமெரிக்காவில் இரண்டுக்குமே குளிர்காலம்தான் சீசன், வேறு சம்பந்தம் இல்லை. அவற்றைக் கையால் எடுத்துப் போட்டார்கள். 2009-இல் பன்றிக் காய்ச்சல் வேறு பருவத்தில் வந்தபோது முதல் அலையைத் தவறவிட்டது. 2012–13 குளிர்காலத்தில் உண்மையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு காய்ச்சலைக் காட்டியது. காய்ச்சல் வந்தவர் மட்டுமா தேடுவார்? செய்தியைப் பார்த்துப் பயந்தவரும் தேடுவார். 2015-இல் மூடிவிட்டார்கள். சொற்கள் 5 கோடி இருந்தன. ஆனால் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இருந்த மருத்துவக் கணக்குப் புள்ளிகள் வெறும் 1,152.

தனியுரிமை பற்றி ஒன்றே ஒன்று. “பெயரை எடுத்துவிட்டோம், இனி யார் என்று தெரியாது” என்று கம்பெனிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் லட்டான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர், அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்று மட்டும் இருந்தால் அந்நாட்டினரில் 87 சதவீதத்தினரைத் தனித்தனியே அடையாளம் காண வாய்ப்பிருக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். மூன்றுமே நாம் எந்தக் கடையிலும் யோசிக்காமல் எழுதிக்கொடுப்பவை.

இப்போது கோர்ஸ். எக்செல் தெரிந்த உங்களுக்கு அடுத்த படி ஹடூப் இல்லை, எஸ்க்யூஎல், அதாவது டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி. பிவட் டேபிள் போடத் தெரியும் என்றால் எஸ்க்யூஎல்லில் குரூப் பை என்பது அதே காரியம்தான். ஸ்பார்க்கில் எழுதும்போதும் பெரும்பாலும் அதே மொழியைத்தான் எழுதுவீர்கள். இரண்டு மாதம் அதில் உட்காருங்கள், காசு செலவில்லாமல் கற்கலாம். கூடவே கொஞ்சம் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி. டக்டிபி போன்ற இலவசக் கருவியை உங்கள் லேப்டாப்பில் போட்டால் சில கோடி வரிசைகளைச் சலனமில்லாமல் எண்ணிவிடும். “எங்களிடம் பிக் டேட்டா இருக்கிறது” என்று வரும் பல கம்பெனிகளின் மொத்த டேட்டாவும் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். அவர்களுக்கு நூறு கணினி தேவையில்லை. ஒழுங்காகப் பெயர் எழுதும் ஒருவர் போதும். அதைச் சரிசெய்யத் தெரிந்த வணிகவியல் பட்டதாரிக்கு, கணக்கும் புரியும் என்பதால், நல்ல மதிப்பு உண்டு.

அதற்குப் பிறகும் கோர்ஸ் சேரத் தோன்றினால், பணம் கட்டுவதற்கு முன் இலவச டெமோ வகுப்பில் போய் உட்காருங்கள். முடிந்ததும் ஆசிரியரிடம், “சார், வேலை பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கணினி செத்துப்போனால் அதில் இருந்த டேட்டா என்ன ஆகும், அது செய்த பாதி வேலை என்ன ஆகும்?” என்று கேளுங்கள். பலகையில் நாலு பெட்டி வரைந்து உற்சாகமாக விளக்கத் தொடங்கினார் என்றால் சேரலாம். “அதெல்லாம் பின்னால் வரும்மா, முதலில் ஐந்து ‘வி’ எழுதிக்கொள்ளுங்கள்” என்றார் என்றால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.